கிரேக்கப் புராணத்தை வகுப்பில் சொல்லித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கடவுளர் கதைகளையும் வீரர் கதைகளையும் அறிமுகம் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், வாசிப்பு வட்டம் நடத்துவோர், பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகள் அவரவர் சொன்ன வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

எங்கேருந்து ஆரம்பிக்கிறது? முதல்ல சாமி பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சிடலாமா?

வேண்டாம். பெயர்ப் பட்டியலில் தொடங்கினால் கிரேக்கப் பெயர், ரோமானியப் பெயர் என்று முதல் நாளே இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் குழம்பிக் கிடக்கும். கதையில் தொடங்குங்கள். குரோனஸ் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக விழுங்குகிறான். கடைசிப் பிள்ளை ஜீயஸ் பிறந்ததும், தாய் ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறாள். பின்னாளில் குரோனஸ் கக்கும்போது முதலில் வெளியே விழுவது அந்தக் கல்தான். அதை ஜீயஸ், குறிசொல்லும் கோயிலுக்குப் பேர்போன டெல்ஃபியில் வைத்தான் என்கிறார் கி.மு. 700 வாக்கில் பாடிய கவிஞர் ஹெசியட். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டெல்ஃபிக்குப் போன கிரேக்கப் பயணி பசானியஸ் அந்தக் கல்லைப் பார்த்ததாகவும், அதற்குத் தினமும் எண்ணெய் ஊற்றினார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கதையில் வந்த பொருள் ஓர் ஊரில் இருந்தது என்று தெரிந்ததுமே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே வகுப்பில் சீட்டுப் போட்ட கதையையும் சொல்லிவிடுங்கள். மூன்று சகோதரர்கள் உலகைப் பங்கிட்டபோது பொசைடனுக்குக் கடலும், ஹேடிஸுக்குக் கீழுலக இருளும், ஜீயஸுக்கு வானமும் விழுந்தன. பூமியும் ஒலிம்பஸ் மலையும் பொது. பின்னால் வரும் பாதிச் சண்டைகளுக்கு இந்தப் 'பொது' என்ற சொல்லே காரணம்.

நாற்பது நிமிட வகுப்பு ஆறு கிடைத்தால் போதும். முதல் வகுப்பு மேலே சொன்னது. இரண்டாவது, கடவுளரை அடையாளம் காண்பது. மூன்றாவது, தீயைத் திருடி மனிதருக்குத் தந்த ப்ரொமீதியஸும், முதல் பெண் பண்டோராவும். நான்காவது, ஹெராக்ளிஸ். ஐந்தும் ஆறும் ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டுக்கு. நேரம் குறைந்தால் மூன்றாவதை விடலாம். இலியட்டைக் குறைக்காதீர்கள்.

பன்னிரண்டு கடவுள்னு புத்தகத்துல இருக்கு. எண்ணினா பதிமூணு வருதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஜீயஸ், ஹீரா, பொசைடன், டிமீட்டர், அதீனா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ், ஏரிஸ், அஃப்ரொடைட்டி, ஹெஃபைஸ்டஸ், ஹெர்மிஸ் ஆகிய பதினொருவர் பெரும்பாலும் மாறுவதில்லை. பன்னிரண்டாவது இடத்தில் சில பட்டியல்கள் அடுப்பங்கரைத் தெய்வமான ஹெஸ்டியாவை வைக்கும், சில திராட்சை மதுவின் தெய்வமான டயோனைசஸை வைக்கும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் கிழக்குச் சிற்ப வரிசையில் உட்கார்ந்திருக்கும் பன்னிருவரில் டயோனைசஸ் இருக்கிறார், ஹெஸ்டியா இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை நிலையானது, ஆட்கள் ஊருக்கு ஊர் மாறலாம்.

ஹெஸ்டியா பெருந்தன்மையோடு தன் இருக்கையை டயோனைசஸுக்கு விட்டுக்கொடுத்தாள் என்ற கதை பரவலாக இருக்கிறது. பண்டைய நூல் எதிலும் அது கிடையாது. வகுப்பில் சொன்னால், பிற்காலத்தவர் கட்டியது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜீயஸா, ஜூபிடரா? அகில்லெஸ், அக்கிலீஸ்னு ஆளுக்கொரு மாதிரி எழுதறாங்களே?

கிரேக்கக் கதை சொல்லும்போது கிரேக்கப் பெயர் மட்டும். ஜூபிடர், ஜூனோ, நெப்டியூன், மினர்வா, வீனஸ், மார்ஸ் எல்லாம் ரோமானியர் பெயர்கள். ஹெர்குலிஸ், யுலிசிஸ் என்பவையும் லத்தீன் வழி வந்தவை. கிரேக்கத்தில் ஹெராக்ளிஸ், ஒடீசியஸ். ரோமானியப் பெயர்களைக் கோள்களின் பாடம் வரும்போது இணைத்துக் காட்டினால் மறக்காது. தமிழ் எழுத்துக்கூட்டலில் ஒரே சரியான வடிவம் என்று எதுவும் இல்லை. ஒன்றைத் தேர்ந்து, முதல் நாளே கரும்பலகை ஓரத்தில் எழுதிவைத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். விடைத்தாளில் வேறு எழுத்துக்கூட்டல் வந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

சிலையையோ பானை ஓவியத்தையோ பார்த்து இது யாருன்னு எப்படிச் சொல்றது?

முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். இடிக்கணை இருந்தால் ஜீயஸ், மூவிலைச் சூலம் என்றால் பொசைடன். தலைக்கவசமும் ஆந்தையும் அதீனாவுக்கு. யாழ் அப்பல்லோவுக்கு, வில் அவருக்கும் தங்கை போலவே கூடவரும் இரட்டைப் பிறவி ஆர்ட்டெமிஸுக்கும் பொது என்பதால் இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கதிர்க்கட்டு டிமீட்டர், கொல்லன் குறடு ஹெஃபைஸ்டஸ், சிறகு முளைத்த காலணி ஹெர்மிஸ். பன்னிரண்டு அட்டைகளில் பொருளை மட்டும் வரையச் சொல்லி, பெயரைப் பின்பக்கம் எழுதவைத்தால் ஒரே வகுப்பில் பதிந்துவிடும்.

மருத்துவமனைப் பலகைகளில் ஒரு குழப்பம் உண்டு. மருத்துவத் தெய்வமான அஸ்கிலீபியஸின் கோலில் ஒரே பாம்பு. இரண்டு பாம்பு பின்னிய கோல் ஹெர்மிஸுடையது. அவர் தூதருக்கும் வணிகருக்கும் தெய்வம். எந்தப் பலகையில் எத்தனை பாம்பு என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

ஜீயஸ் அவங்க இந்திரன், ஹேடிஸ் அவங்க எமன். இப்படிச் சொன்னா சட்டுனு புரியுது. தப்பா?

முதல் நிமிடத்துக்கு உதவும், பத்தாவது நிமிடத்தில் இடறும். ஜீயஸ் என்ற பெயரும் வேதத்தில் வரும் 'த்யௌஸ்' என்ற வானத் தெய்வத்தின் பெயரும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. ஆனால் இடியைக் கையில் வைத்திருக்கும் வேலை இங்கே இந்திரனுடையது. ஆக, பெயர் ஒருவரோடும் தொழில் இன்னொருவரோடும் பொருந்துகிறது.

ஹேடிஸ் விஷயத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. எமன் உயிரை எடுக்க வருவான், பாவபுண்ணியம் பார்ப்பான். ஹேடிஸ் இரண்டையும் செய்வதில்லை. சாவு என்பது தானடோஸ் என்ற தனித் தெய்வம். வழிகாட்டிக் கூட்டிப் போவது ஹெர்மிஸ். தீர்ப்புச் சொல்வோராக மைனோஸ், ராடமாந்திஸ், ஐயகஸ் வருகிறார்கள். ஹேடிஸ் அந்த நாட்டின் அரசன், அவ்வளவே. அவனைத் தீயவனாகக் காட்டுவது திரைப்பட வழக்கம். 'ஒத்துப்போவது எது, ஒத்துப்போகாதது எது' என்று இரண்டு பத்தி போட்டு எழுதவைத்தால் ஒப்பீடு பயன் தரும்.

சங்க இலக்கியத்துல வர்ற யவனர் இவங்கதானா?

சொல் அங்கிருந்து வந்ததுதான். அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரே மூலம். தமிழில் அது மேற்கிலிருந்து கடல்வழி வந்த வணிகர் எல்லாருக்கும் பொதுப்பெயராயிற்று. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலத்தை அகநானூறு 149ஆம் பாட்டு முசிறித் துறையில் காட்டுகிறது. முசிறி வணிகம் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதில் வரும் கப்பலின் பெயர் 'ஹெர்மபொல்லோன்': ஹெர்மிஸ், அப்பல்லோ என்ற இரண்டு தெய்வப் பெயர்களின் கூட்டு. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது.

ஒரே கதையை ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. எதைச் சரின்னு சொல்றது?

'சரி' என்ற பத்தியை அழித்துவிட்டு, 'யார் சொன்னது, எப்போது' என்ற பத்தியைப் போடுங்கள். கிரேக்கர்களுக்கு ஒரே மறைநூல் இருக்கவில்லை. ஹெசியட் பாட்டில் மெடூசா பிறப்பிலேயே கோர்கன் என்ற அரக்கிச் சகோதரிகள் மூவரில் ஒருத்தி. அழகிய பெண்ணாக இருந்தவள், கோயிலில் பொசைடனால் வன்கொடுமைக்கு ஆளாகி, அதற்கு அவளே தண்டிக்கப்பட்டுப் பாம்புக் கூந்தல் பெற்றாள் என்பது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னது. இரண்டுக்கும் நடுவே சுமார் 700 ஆண்டுகள்.

கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குக் குதிகாலில் மட்டுமே காயம் படும் என்ற கதையும் இப்படித்தான். குழந்தையைக் கீழுலக ஸ்டைக்ஸ் ஆற்றில் தாய் முக்கியெடுத்த கதை கி.பி. 1ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் எழுத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. இலியட் 21ஆம் காண்டத்தில் ட்ராய்ப் பக்கம் போரிடும் அஸ்டெரொபையஸ் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறிகிறான். ஒன்று அக்கிலீஸின் வலது முன்கையை உரசிப் போகிறது, ரத்தம் கசிகிறது. ஹோமரின் அக்கிலீஸ் வெட்டினால் ரத்தம் வரும் மனிதன். இதை மனத்தில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பண்டோராவின் பெட்டியில கடைசியா நம்பிக்கை இருந்துச்சுன்னா, அது நல்லதா கெட்டதா?

பண்டோரா மூடியைத் திறந்ததும் துன்பங்களெல்லாம் வெளியேறிய கதை இது. முதலில், அது பெட்டி இல்லை. ஹெசியட் சொல்வது 'பிதோஸ்', அதாவது தானியமும் எண்ணெயும் சேர்த்துவைக்கும் ஆளுயரத் தாழி. 16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது சிறு பெட்டியைக் குறிக்கும் சொல்லைப் போட, அதுவே நிலைத்துவிட்டது. உள்ளே தங்கியது 'எல்பிஸ்'. அந்தச் சொல் நம்பிக்கையையும் குறிக்கும், வரப்போவதைப் பற்றிய வெறும் எதிர்பார்ப்பையும் குறிக்கும். நமக்காகப் பத்திரமாக வைக்கப்பட்டதா, நமக்குக் கிடைக்காமல் அடைபட்டதா என்று ஹெசியட் சொல்லவில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள்.

ஹீரோன்னா நல்லவன்தானே? ஹெராக்ளிஸ் பெத்த பிள்ளைங்களையே கொன்னவனாமே, அவனை எப்படி ஹீரோன்னு சொல்றது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நாம் சினிமாவுக்குச் சொல்லும் 'ஹீரோ' கிரேக்கச் சொல்லான 'ஹீரோஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் பொருள் நடுவழியில் மாறிவிட்டது. அவர்களுக்கு ஹீரோஸ் என்றால் அளவை மீறிய ஆற்றல் கொண்ட, சாவு உள்ள ஒரு மனிதன். பெரும்பாலும் செத்தபின் கல்லறையில் பூசை பெறுபவன். நடுகல்லைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பெரிய வேறுபாடு, அவன் நல்லவனாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

அஸ்டிபலேயா தீவின் குத்துச்சண்டைக்காரன் கிளியோமெடிஸ் கதையைப் பசானியஸ் சொல்கிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றதற்காக அவனுடைய பரிசு பறிக்கப்பட்டது. புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன் பள்ளிக்கூடத்தின் தூணைப் பிடுங்க, கூரை விழுந்து சுமார் அறுபது பிள்ளைகள் இறந்தார்கள். ஊரார் கல்லெறிந்து துரத்த, அதீனா கோயிலில் ஒரு பேழைக்குள் புகுந்து மூடிக்கொண்டான். உடைத்துத் திறந்தால் ஆளில்லை. டெல்ஃபியில் கேட்டபோது வந்த வாக்கு: கடைசி ஹீரோ அவன்தான், அவனுக்குப் பலியிட்டு மரியாதை செய்யுங்கள். இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே சொல்ல வேண்டாம். ஆனால் சொல்லித்தருபவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் 'ஹீரோ என்றால் முன்மாதிரி' என்று தவறிக்கூடச் சொல்லமாட்டார்.

ஹெராக்ளிஸும் அந்த வரிசைதான். அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பு நூலில், பிள்ளைகளைக் கொன்ற பழிக்குக் கழுவாயாகவே, மன்னன் யூரிஸ்தியஸ் இட்ட கடினமான வேலைகளை அவன் செய்கிறான். யூரிப்பிடிஸ் நாடகத்தில் எல்லா வேலைகளும் முடிந்து, வெற்றியோடு வீடு திரும்பிய நாளில் பைத்தியம் பிடிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி, எது அதிகம் வலிக்கிறது என்று கேளுங்கள். தொகுப்பு நூலில் வேலைகள் முதலில் பத்துதான் என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி. பல தலைப் பாம்பான ஹைட்ராவைக் கொல்லத் தம்பி மகன் அயோலஸ் உதவினான் என்றும், ஆஜியஸின் தொழுவத்தைக் கழுவக் கூலி பேசினான் என்றும் சொல்லி மன்னன் இரண்டைக் கணக்கில் சேர்க்க மறுத்ததால் பன்னிரண்டானது.

இலியட்டில் அக்கிலீஸ் கோவிச்சுக்கிட்டுக் கூடாரத்துல உட்கார்ந்துடறான், அவன் ஆளுங்க சாகறாங்க. இதுல என்ன வீரம் இருக்கு?

இலியட்டின் முதல் சொல்லே 'சினம்'. அந்தச் சினம் புரிய இரண்டு சொற்கள் வேண்டும். 'திமே' என்பது ஊர் ஒருவனுக்குக் கண்ணுக்குத் தெரியும்படி கொடுக்கும் மரியாதை: போர்ப்பங்கு, முன்வரிசை இருக்கை, நல்ல கறித்துண்டு. 'கிளியோஸ்' என்பது செத்தபின் பாட்டில் காதால் கேட்கப்படும் புகழ். படை கொடுத்த பங்கான பிரிசெயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் பிடுங்கும்போது, அக்கிலீஸின் திமே எல்லார் முன்னிலும் பறிபோகிறது. அவளைப் பொருளாகப் பங்கிட்டதே கொடுமை என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும், அதை அமுக்காதீர்கள்.

9ஆம் காண்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஏழு முக்காலிக் கொப்பரை, பத்துத் தாலந்து பொன், இருபது அண்டா, பன்னிரண்டு குதிரை, பிரிசெயிஸ் என்று, அக்கிலீஸைச் சமாதானப்படுத்த அகமெம்னன் பெரிய பட்டியலே தருகிறான். ஒடீசியஸ் போய் அதை ஏறக்குறைய வரி மாறாமல் ஒப்பிக்கிறான். கடைசி வரிகளை மட்டும் விழுங்கிவிடுகிறான்: 'அவன் எனக்கு அடங்கட்டும், நானே பெரிய அரசன்.' மனத்தில் ஒன்றை மறைத்து வாயில் ஒன்றைச் சொல்பவனை நரகவாசலைப் போல வெறுக்கிறேன் என்றுதான் அக்கிலீஸ் பதிலைத் தொடங்குகிறான். சொல்லாமல் விட்ட வரி அவன் காதில் விழுந்ததுபோல் இருக்கிறது.

பிறகு தன் இரண்டு விதிகளைச் சொல்கிறான். இங்கே நின்று போரிட்டால் வீடு திரும்புதல் இல்லை, அழியாப் புகழ் உண்டு. வீடு போனால் புகழ் இல்லை, நீண்ட ஆயுள் உண்டு. மேலே பார்த்த, ரத்தம் கசியும் முன்கை இங்கேதான் பொருள் பெறுகிறது. குதிகால் தவிர உடம்பெல்லாம் இரும்பு என்றால் இந்தத் தேர்வுக்கு எடையே இல்லை.

எல்லாம் விதிப்படிதான்னா, வீரனுக்கு அதுல என்ன பெருமை?

12ஆம் காண்டத்தில் லிசியா நாட்டு சார்பிடன் தன் நண்பன் கிளாக்கஸிடம் சொல்வதை வாசித்துக் காட்டுங்கள். நாம் முதுமையும் சாவும் இல்லாதவர்களாக இருந்தால் நானும் முன்னணியில் நிற்கமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன். சாவு எப்படியும் வரும் என்பதால் போவோம் வா, என்கிறான். விதி எப்போது சாவு என்று முடிவு செய்யலாம். அதை எப்படி எதிர்கொள்வது என்பது மனிதன் கையில் இருக்கிறது.

அதே சார்பிடன் ஜீயஸின் மகன். 16ஆம் காண்டத்தில் அவன் சாகும் நேரம் வந்ததும் காப்பாற்ற ஜீயஸ் நினைக்கிறார். செய், ஆனால் மற்ற தெய்வங்கள் ஒப்பமாட்டார்கள் என்கிறாள் ஹீரா. ஜீயஸ் ரத்தத்துளிகளை மழையாகப் பெய்வித்து, மகனை விட்டுவிடுகிறார். கடவுளர் ஏன் ஹீரோக்கள் ஆக முடியாது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. இழக்க உயிர் இல்லாதவரால் எதையும் பணயம் வைக்க முடியாது.

மரக்குதிரை இலியட்டுல எந்தப் பகுதியில வருது?

எதிலும் வராது. இலியட் பத்தாம் ஆண்டுப் போரின் சில வாரங்களைச் சொல்லி, அக்கிலீஸால் கொல்லப்பட்ட ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நின்றுவிடுகிறது. அக்கிலீஸின் சாவும் அதில் இல்லை. கிரேக்க வீரர் ஒளிந்து ட்ராய்க்குள் நுழைந்த அந்தக் குதிரை, ஒடீசியஸ் வீடு திரும்புவதைப் பாடும் ஹோமரின் ஒடிசியில் சுருக்கமாகவும், வெர்ஜிலின் லத்தீன் காவியமான ஈனிட்டின் 2ஆம் காண்டத்தில் விரிவாகவும் வருகிறது.

ஒரே ஒரு காட்சிதான் வாசிக்க நேரம் இருக்கு. எதை எடுக்கலாம்?

இலியட் 24ஆம் காண்டத்தில் ஹெக்டரின் தந்தையான ட்ராய் மன்னர் பிரயாம், மகனின் உடலைக் கேட்டு அக்கிலீஸின் கூடாரத்துக்கு வரும் இடம். சத்தமாக வாசிக்கப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், முன்கதை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கிழவர் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். 'உன் தகப்பனை நினைத்துப் பார்' என்கிறார். இருவரும் அழுகிறார்கள், ஒருவர் ஹெக்டருக்காக, மற்றவன் தன் தந்தைக்காகவும், ஹெக்டர் கையால் இறந்த நண்பன் பட்ரோக்ளஸுக்காகவும். அப்புறம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். வாசித்து முடித்ததும் உடனே கேள்வி கேட்காதீர்கள். ஒரு நிமிடம் விடுங்கள்.

சின்ன வகுப்பு என்றால் 6ஆம் காண்டம் போதும். ஹெக்டரின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்துக் கைக்குழந்தை வீறிட்டு அழ, தாயும் தகப்பனும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். படம் காட்ட வேண்டுமென்றால் வத்திக்கானில் உள்ள, பானை ஓவியர் எக்செக்கியஸின் ஜாடியைக் காட்டுங்கள். அக்கிலீஸும் அயாக்ஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்தபடி குனிந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். அக்கிலீஸின் வாயருகே 'நான்கு' என்றும் அயாக்ஸின் வாயருகே 'மூன்று' என்றும் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது.

பொண்ணுங்களுக்குச் சொல்ல ஒருத்தியும் இல்லையா? பெனலப்பி சும்மா காத்துக்கிட்டுதானே இருந்தா?

சும்மா இல்லை. கணவன் ஒடீசியஸ் ட்ராயிலிருந்து திரும்பாத காலத்தில், மாமனாருக்கான ஈமத்துணியைப் பகலில் நெய்து இரவில் பிரித்து, தன்னை மணக்க வந்து வீட்டில் தங்கிய 108 பேரை மூன்று ஆண்டுகள் நிறுத்திவைத்தாள். வந்தவன் ஒடீசியஸ்தானா என்று அவனையே சோதித்தவளும் அவள்தான். 'அந்தக் கட்டிலை வெளியே தூக்கிப் போடு' என்று பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். வேரோடு நிற்கும் ஒலிவமரத்தையே காலாக வைத்துச் செதுக்கிய கட்டில் அது, அசைக்க முடியாது. தெரிந்தவன் மட்டும்தான் பதறுவான், பதறினான். சூழ்ச்சிக்குப் பேர்போன ஒடீசியஸை ஏமாற்றியவள் என்று அறிமுகம் செய்யுங்கள். அடுத்து, அரசன் தடையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்தவள், சோஃபோக்ளிஸ் நாடகத்தின் ஆன்டிகனி.

ஒடீசியஸ் திரும்பி வந்து பணிப்பெண்களைத் தூக்குல போட்டானே, அது நியாயமான்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?

நியாயம் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தோம்பல் நெறியை மீறி, இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து தின்றவர்கள் அந்த 108 பேர். பன்னிரண்டு பெண்களோ அடிமைகள். வாளால் கொல்லத்தான் ஒடீசியஸ் சொன்னான், கௌரவமான சாவு கூடாதென்று கயிற்றைத் தேர்ந்தவன் மகன் டெலிமக்கஸ். அந்த இடத்தில் ஹோமர் வலையில் சிக்கிய பறவைகளை உவமையாகச் சொல்லி, அவர்கள் கால்கள் கொஞ்சநேரம் துடித்தன, அதிகநேரம் இல்லை என்று பாடுகிறார். அந்த வரியைக் கொடுத்து, பாடியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கு ஏற்ற கேள்வி.

வன்கொடுமைக் கதைகளை என்ன செய்யறது? விட்டுடலாமா, மாத்திச் சொல்லலாமா?

விடலாம். 'காதலித்தார்' என்று மட்டும் மாற்றாதீர்கள், அது பொய். ஏழாம் வகுப்பில் 'அவள் சம்மதமில்லாமல் தூக்கிச் சென்றான்' என்ற வாக்கியம், டிமீட்டரின் மகள் பெர்செஃபனியை ஹேடிஸ் கடத்திய கதைக்குப் போதும். கவனத்தை மகளைத் தேடி அலையும் டிமீட்டர்மேல் வையுங்கள். பழைய துதிப்பாடலும் அப்படித்தான் செய்கிறது. ஓவிட் சொல்லும் மெடூசாவை மேல் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

ட்ராய் நிஜமா இருந்த ஊரா?

துருக்கியில் ஹிஸார்லிக் மேட்டில் அடுக்கடுக்காகப் பல ஊர்கள் புதைந்திருக்கின்றன. 1870களில் ஜெர்மானியரான ஷ்லீமன் அவசரமாக வெட்டி, 1873இல் கிடைத்த பொன்னைப் 'பிரயாமின் புதையல்' என்றார். அது கதை நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்கு. ஊர் உண்மை; பத்தாண்டுப் போர் ஹோமர் சொன்னபடியே நடந்ததற்குச் சான்று இல்லை.

பரீட்சையில என்ன கேட்கலாம்?

'பன்னிரு கடவுளர் பெயர் எழுதுக' என்று கேட்டால் பட்டியல்தான் வரும். இரண்டு கேள்வி போதும். ஒன்று, தெரியாத ஒரு ஜாடிப் படத்தைக் கொடுத்து, இருப்பவர் யார், எந்த அடையாளத்தால் என்று கேட்பது. இரண்டு, ஒடிசி 11ஆம் காண்டத்தில் இறந்துபோன அக்கிலீஸ் சொல்வதைக் கொடுப்பது: செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாக உயிரோடு இருப்பேன். இதை இலியட் 9இல் அவன் சொன்ன இரண்டு விதிகளோடு வைத்து, அவன் மனம் மாறிவிட்டானா என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு, கதையிலிருந்து ஓர் இடத்தையாவது காட்டியிருந்தால்.